முதியோரின் உடல் தளர்ச்சியை அளக்க: இருக்கிற கருவியா, புதிய கருவியா?

நாகர்கோவில் பக்கம் நர்சிங், பிசியோதெரபி மேற்படிப்புப் படிக்கிறவர்கள் ஆய்வுத் தலைப்பு எடுக்கும் பருவம் வந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "வயசானவங்களோட உடல் தளர்ச்சியை அளக்க நானே ஒரு கருவி உருவாக்கட்டுமா, வெளிநாட்டுக் கருவியைத் தமிழாக்கிக்கிட்டா போதுமா?" கிராம சுகாதார செவிலியர்கள் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள். "வீடு வீடாப் போறோம், பிரஷர் பாக்கறோம், சுகர் பாக்கறோம். நாளைக்கு விழப்போற பாட்டியை இன்னைக்கே கண்டுபிடிக்க என்ன பாக்கணும்?" சர்ச் வளாகத்திலும் கோயில் மண்டபத்திலும் முதியோர் முகாம் போடும் இளைஞர்களுக்கும் இதே குழப்பம்தான்.

இந்த மூன்று பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆனால் மூவருமே கருவியின் பெயரையும் புகழையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். அளந்த பிறகு என்ன செய்யப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் தானாகத் தீரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குப் புதிய கருவி தேவையில்லை. கையில்லாத ஒரு நாற்காலி, நான்கு மீட்டர் சமதரை, போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், இவற்றோடு நம் ஊர் வாழ்க்கைக்குத் தக்கபடி திருத்திய சில கேள்விகள் போதும். புதிதாகச் செய்தே ஆக வேண்டிய நிலையும் உண்டு. அதில் இறங்கினால் எவ்வளவு காலமும் உழைப்பும் பிடிக்கும் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

## முதலில், எதை அளக்கிறோம்?

உடல் தளர்ச்சி நோயும் அல்ல, ஊனமும் அல்ல. சர்க்கரை, மூட்டுவலி இரண்டும் இருந்தும் திடமாக நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த நோயும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வருடத்துக்கு வருடம் ஒடுங்கிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். ஐப்பசி மழையில் எழுபத்தைந்து வயதுக்காரர் இருவருக்குக் காய்ச்சல் வருகிறது என்று வையுங்கள். ஒருவர் ஒரு வாரத்தில் பழையபடி தோட்டத்துக்குப் போய்விடுகிறார். மற்றவர் கட்டிலை விட்டு எழும்பவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. காய்ச்சலுக்கு முந்தின நாள் வரை இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிந்தார்கள். அந்த முந்தின நாளிலேயே இருவரையும் பிரித்துக் காட்டுவதுதான் கருவியின் வேலை.

முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் பலன் உண்டு, ஏனென்றால் ஆரம்பத் தளர்ச்சியைத் திருப்ப முடியும். அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரை வைத்து நடந்த லைஃப் ஆய்வின் முடிவு 2014-இல் வெளிவந்தது. முறைப்படி நடைப்பயிற்சியும் தசைப்பயிற்சியும் செய்த குழுவில் நடமாட்டம் முடங்குவது குறைந்தது. அதற்கு ஆள் எடுத்தது எப்படி என்பதை நினைவில் வையுங்கள். கீழே நான்காவதாக வரும் நாற்காலி-நடைச் சோதனையில் 12-க்கு 9 அல்லது அதற்குக் குறைவாகப் பெற்றவர்களைத்தான் எடுத்தார்கள்.

## எந்த அளவுகோல்களை வைத்துப் பார்ப்பது?

முடிவு எங்கே போய்ச் சேரும்? தளர்ச்சி என்று தெரிந்த பிறகு பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட் உண்டு. அந்த வழியோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோ கையில் இல்லாமல் முகாம் போட்டால், ஒரு முதியவரிடம் "நீங்க தளர்ந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு வருவது மட்டும்தான் மிஞ்சும்.

யார் அளப்பார்? மருத்துவரா, செவிலியரா, இரண்டு நாள் பயிற்சி எடுத்த தன்னார்வலரா? இருவர் தனித்தனியாக அளந்தாலும் ஒரே விடை வருமா?

எங்கே அளப்போம்? கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டு வீடுகளில் முற்றமே சரிவு. கடலோர ஊர்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் போகும் சந்துதான்.

கேள்வி இங்குள்ள வாழ்க்கையில் ஒட்டுமா? இதை விரிவாகவே பார்க்கப்போகிறோம்.

மாற்றத்தைக் காட்டுமா? மூன்று மாதம் பயிற்சி கொடுத்த பிறகு முன்னேற்றம் கருவியில் தெரிய வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு. கருவியின் விலையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பயிற்சி, போக்குவரத்து, அனுமதி, தரவு உள்ளிடும் நேரம் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

## வழி 1: ஃப்ரைடின் ஐந்து அடையாளங்கள்

லிண்டா ஃப்ரைடும் உடன் பணிபுரிந்தவர்களும் 2001-இல் வெளியிட்டது. அமெரிக்காவின் இதயநல ஆய்வில் இருந்த 65 வயதுக்கு மேற்பட்ட 5,317 பேரின் தரவிலிருந்து வந்தது. தானாக எடை குறைதல், சோர்வு, கைப்பிடி வலிமைக் குறைவு, மெதுவான நடை, உடலுழைப்புக் குறைவு என்று ஐந்து. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தளர்ச்சி, ஒன்றிரண்டு இருந்தால் தளர்ச்சியின் முன்நிலை, எதுவும் இல்லையென்றால் திடம்.

ஆய்வு உலகில் இதுதான் உரைகல். புதிய கருவி எதைச் செய்தாலும் கடைசியில் இதோடு ஒப்பிடச் சொல்வார்கள். உடலளவை மட்டும் பார்ப்பதால் பொருளும் தெளிவு.

சிக்கல் ஐந்தாவது அடையாளத்தில் இருக்கிறது. உடலுழைப்பைக் கணக்கிட அவர்கள் எடுத்துக்கொண்ட வினாத்தாளில் கோல்ஃப், பௌலிங், டென்னிஸ், புல்வெட்டுதல் எல்லாம் வரும். தோவாளையில் விடியுமுன் எழுந்து பூத்தொடுக்கும் அம்மாவையும், குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவரையும், முந்திரி ஆலையில் உட்கார்ந்து தோல் உரிக்கிறவரையும் அந்தப் பட்டியலில் எங்கே வைப்பது? தமிழாக்கம் செய்தால் இது தீராது. பட்டியலையே மாற்ற வேண்டும். மாற்றினால் வாரத்துக்கு ஆணுக்கு 383, பெண்ணுக்கு 270 கிலோகலோரி என்ற மூல எல்லைகளும் செல்லாது.

கைப்பிடியிலும் இதே கதை. மூல ஆய்வு அமெரிக்க முதியோரின் கடைசி 20 சதவீதத்தைப் பலவீனம் என்று வைத்தது. அந்த எல்லையை அப்படியே இறக்கினால் இங்கே திடமாக இருக்கிற பலரும் பலவீனர் பட்டியலில் விழுவார்கள். ஆசியர்களுக்கான 2019-ஆம் ஆண்டின் தசைக்குறைவு வழிகாட்டி ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ என்கிறது. அதை எடுத்துக்கொள்ளலாம். இன்னும் நல்ல வழி, நம் நாட்டுத் தரவு. 2017-18-இல் இந்தியா முழுக்க முதுமையைப் பற்றி நடந்த லாசி ஆய்வு 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் அதிகமானோரைப் பார்த்தது, கைப்பிடியையும் நடைவேகத்தையும் அளந்தது. அதிலிருந்து கடைசி 20 சதவீத எல்லையைக் கணக்கிட்டுக்கொண்டால் ஆய்வில் யாரும் குறை சொல்ல முடியாது.

மறைசெலவு: கைப்பிடி வலிமையை அளக்கும் கைப்பிடிமானி. ஹைட்ராலிக் வகை விலை கூடுதல், அவ்வப்போது சரிபார்ப்புக்கும் அனுப்ப வேண்டும். கடலோரத்தில் உப்புக்காற்று படும்படி வைத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. ஆளுக்கு இருபது நிமிடம் வரை ஆகும்.

ஆய்வு செய்கிறவருக்கும், மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவு நடத்துகிறவருக்கும் இது நல்லது. வீடு வீடாகப் போகிற செவிலியருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## வழி 2: ஐந்து கேள்வித் தாள்

ஃபிரெயில் என்ற பெயரில் 2012-இல் மோர்லி குழு சோதித்துக் காட்டியது. கடந்த நான்கு வாரத்தில் பெரும்பாலான நேரம் களைப்பா, பத்துப் படி நிற்காமல் ஏற முடிகிறதா, சில நூறு மீட்டர் நடக்க முடிகிறதா, பட்டியலில் உள்ள பதினொரு நோய்களில் ஐந்தோ அதற்கு மேலோ உண்டா, ஒரு வருடத்தில் எடை 5 சதவீதம் குறைந்ததா. கருவி எதுவும் வேண்டாம், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். போனிலும் கேட்கலாம். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, இங்கே இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடுகள் நம் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே போனில் கேட்கத்தக்க கருவிக்குத் தனி மதிப்பு இருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு கேள்வியையும் இங்குள்ள மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டு வீட்டில் ஒரே தளத்தில் வாழ்கிறவருக்கு மாடிப்படி நினைவிலேயே இருக்காது. "ஏறலாம், ஏன் முடியாது" என்பார், ஏறிப் பார்த்து வருடங்கள் ஆகியிருக்கும். அதற்கு நிகராக டவுன் பஸ் படியைக் கேட்கலாம். 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் வயதான பெண்கள் பலர் ஏறுகிறார்கள். கம்பியை இழுத்துப் பிடித்து ஏறுகிறாரா, கண்டக்டர் கைகொடுக்கிறாரா, ஏற முடியாததால் போவதையே நிறுத்திவிட்டாரா என்ற விடை நேரில் பார்த்ததுபோல் வரும். தூரத்தையும் மீட்டரில் கேட்டுப் பயனில்லை. "குருசடி வரைக்கும்", "நிழல்தாங்கல் வரைக்கும்", "ரேஷன் கடை வரைக்கும்" என்று அந்த ஊர்க் குறியைச் சொல்லுங்கள், அதன் தூரத்தை நீங்கள் முன்பே அளந்து வைத்திருக்க வேண்டும்.

எடைக்கு, சர்க்கரை நோட்டில் பழைய எடை எழுதியிருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் ஜாக்கெட் தொளதொளத்துப் போனதா, வளையல் கழன்று விழுகிறதா, சாரத்தை (லுங்கியை) முன்னைவிட இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறதா என்று கேட்பதுதான் கைகண்ட வழி.

நோய்ப் பட்டியல் எனக்கு ஒப்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவருக்குத்தான் நோயின் பெயர் தெரியும். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினர் குடியிருப்பில் இருப்பவருக்கு இதயக் கோளாறு இருந்தாலும் பட்டியலில் பூஜ்யம்தான் விழும். நகரில் மூன்று டாக்டரைப் பார்க்கிறவருக்கு ஐந்து நோய் எளிதாகச் சேர்ந்துவிடும்.

இந்தக் கருவியின் பெரிய மறைசெலவு, நம் முதியவர்களின் தன்மானம். "எனக்கென்ன கொறச்சல் மக்களே, நல்லாத்தான் இருக்கேன்" என்பது பதில் அல்ல, மரியாதை. மருமகள் பக்கத்தில் நிற்கும்போது "களைப்பா இருக்கு" என்று சொல்வது அவளைக் குறை சொல்வதாகிவிடும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. கேள்வி மட்டுமே உள்ள எந்தக் கருவியும் இந்த இடத்தில் தடுக்கி விழும். பெரிய கூட்டத்தில் முதல் வடிகட்டலுக்கு ஆகும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## வழி 3: மருத்துவரின் தேர்ந்த கண்

கனடாவில் ராக்வுட் குழு 2005-இல் கொடுத்த ஏழு நிலை அளவுகோல் இது. பின்னர் ஒன்பது நிலையாகி, 2020-இல் விளக்கங்கள் திருத்தப்பட்டன. நல்ல திடத்திலிருந்து வாழ்வின் இறுதிக் கட்டம் வரை, படமும் சிறு விளக்கமும் இருக்கும். நோயாளியின் இரண்டு வாரத்துக்கு முந்தைய நிலையைக் கேட்டு எண் போட வேண்டும். அனுபவசாலிக்கு ஓரிரு நிமிடம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் அவசரப் பிரிவில் வருகிறவருக்கு இதைவிட வசதியானது இல்லை.

வீட்டில் இது தடுமாறும். ஐந்தாம் நிலை என்பது பணம், போக்குவரத்து, மருந்து, கனமான வீட்டுவேலை ஆகியவற்றில் உதவி தேவைப்படும் நிலை. நம் வீட்டு ஆண்களில் எத்தனை பேர் வாழ்நாளில் அடுப்பு பற்றவைத்திருக்கிறார்கள்? மாத்திரையை மகள் எடுத்துக் கொடுப்பது வழக்கமா, இயலாமையா? "செய்கிறாரா" என்று கேட்காமல் "ஆள் இல்லாவிட்டால் செய்வாரா" என்று கேட்கத் தெரிந்த கண்தான் இந்த அளவுகோலைச் சரியாகப் போடும். 65 வயதுக்குக் கீழே உள்ளவருக்கும், பிறவியிலிருந்தோ நெடுங்காலமாகவோ நிலையான ஊனம் உள்ளவருக்கும் இது பொருந்தாது. பயன்படுத்துவதற்கு முன் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் அனுமதி நிபந்தனைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 4: நின்று, நடந்து, எழுந்து காட்டச் சொல்வது

என் கை போய் நிற்கும் இடம் இது. குரால்னிக் குழு 1994-இல் தந்த உடற்செயல் சோதனையில் மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் 4, மொத்தம் 12.

நிற்பது: பாதங்களை ஒட்டி வைத்து 10 விநாடி. பிறகு ஒரு குதிகாலை மறுகாலின் பெருவிரலுக்குப் பக்கத்தில் வைத்து 10 விநாடி. கடைசியாக ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறுபாதம், 10 விநாடி.

நடப்பது: 4 மீட்டர், வழக்கமான வேகத்தில், வழக்கமான செருப்போடு. 4.82 விநாடிக்குள் என்றால் முழு மதிப்பெண், 8.7 விநாடியைத் தாண்டினால் ஒன்று.

எழுவது: கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 11.2 விநாடிக்குள் என்றால் நான்கு, 16.7 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்று. ஒரு நிமிடம் தாண்டினாலோ முடியாவிட்டாலோ பூஜ்யம்.

ஒரு காட்சியைச் சொன்னால் இதன் அருமை விளங்கும். முந்திரி ஆலையில் காலமெல்லாம் கொரண்டியில் (தாழ்ந்த பலகையில்) உட்கார்ந்து வேலை செய்த பாட்டி. ஐந்து கேள்வியிலும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். "காலைல முத்தம் தூத்தாச்சு, சாயாவும் போட்டாச்சு, இன்னும் என்ன வேணும் மக்களே?" நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னதும் முதல் இரண்டு முறை சாதாரணமாக வந்தது. மூன்றாவதில் கட்டியிருந்த கை அவிழ்ந்து முழங்காலைத் தொட்டது. "பாட்டி, கையைக் கட்டிக்கோங்க" என்றதும் சிரித்துக்கொண்டே கட்டினார். நான்காவதுக்கு முன்னால் உடம்பை இரண்டு தடவை முன்னுக்கு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். ஐந்தாவது முடிந்தபோது 19 விநாடி. கேள்வித்தாளில் பூஜ்யம் வாங்கிய அதே பாட்டிக்கு இங்கே நான்குக்கு ஒன்று. அவர் பொய் சொல்லவில்லை. முற்றம் தூத்துவதற்கும் சாயா போடுவதற்கும் தொடை வலிமை அவ்வளவு வேண்டியதில்லை. குளியலறையில் கால் வழுக்கும் அந்த நொடியில் வேண்டும்.

மறைசெலவு நாற்காலியில் ஒளிந்திருக்கிறது. வீடுகளில் இருப்பது பெரும்பாலும் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி. பாலிஷ் போட்ட தரையில் அது பின்னால் நழுவும், கடற்கரை மணலில் ஒரு கால் புதையும். இருக்கை உயரமும் வீட்டுக்கு வீடு மாறும், உயரம் குறைந்தால் நேரம் கூடும். ஆகவே 43 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் கையில்லாத ஒரே நாற்காலியை ஊர் முழுக்கக் கொண்டுபோக வேண்டும். அதை ஆட்டோவில் ஏற்றும் கூலியை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நடைக்கு நான்கு மீட்டரோடு முன்னும் பின்னும் ஒரு மீட்டர் விட இடம் வேண்டும். வீட்டில் இல்லையென்றால் அங்கன்வாடித் திண்ணை, பள்ளி வராந்தா, சர்ச் முற்றம்.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. அளக்கிறவர் ஒருவர், பிடிக்கத் தயாராகப் பக்கத்தில் ஒருவர். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், அண்மையில் ஆபரேஷன் என்றால் அன்றைக்கு வேண்டாம். சேலை தரையில் புரண்டால் கொஞ்சம் ஏற்றிச் செருகச் சொல்லுங்கள்.

தன்னார்வலருக்கு ஒரே நாளில் சொல்லிக்கொடுக்கலாம். படிப்பறிவு, மொழி எதுவும் குறுக்கே வராது. நாகர்கோவில் தமிழ் பேசுகிறவருக்கும் களியக்காவிளை பக்கம் மலையாளம் கலந்து பேசுகிறவருக்கும் எழுந்து நிற்பது ஒன்றுதான். இதன் குறை, எடையையும் சோர்வையும் இது பார்க்காது. கண்பார்வை மங்கியதால் மெதுவாக நடக்கிறவரையும் மூட்டுத் தேய்ந்தவரையும் தனியாகப் பிரித்துக் காட்டாது. அதனால்தான் கூடவே சில கேள்விகள் வேண்டும் என்கிறேன்.

மூன்று மீட்டர் போய்த் திரும்பி உட்காரும் சோதனையும் உண்டு, 1991-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. விழும் அபாயம் மட்டும் தெரிய வேண்டுமென்றால் அது போதும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் எச்சரிக்கை.

## வழி 5: குறைகளை எண்ணிச் சேர்ப்பது

முப்பதுக்கு மேற்பட்ட குறைகளைப் பட்டியலிட்டு, அவற்றில் எத்தனை இருக்கின்றன என்பதை மொத்தத்தால் வகுப்பது. 0.25-ஐ ஒட்டி எல்லை வைப்பது வழக்கம். ஏற்கெனவே பெரிய தரவு கையில் இருக்கிறவருக்கு அருமையான வழி, லாசி தரவிலும் செய்யலாம். ஆனால் இது உடல் தளர்ச்சியை மட்டும் அளப்பதில்லை. நோய், மனநிலை, மறதி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். களத்துக்கு வேண்டாம்.

## வழி 6: புதிய கருவியை உருவாக்குவது

ஆசையாக இருக்கும், தெரியும். நம் மாவட்டத்துக்கென்று ஒரு கருவி இருந்தால் அதில் என்னவெல்லாம் சேர்க்கலாம் என்று நினைத்தாலே உற்சாகம் வருகிறது: தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கைபிடிக்காமல் எழுவது, கிணற்றில் வாளி இறைப்பது, பஸ் படி, தலைச்சுமையோடு மேடு ஏறுவது, கட்டுமரத்தைக் கரையேற்றக் கைகொடுப்பது. இருக்கிற கருவிகள் நாற்காலி உலகத்தில் பிறந்தவை. தரையில் வாழ்கிறவர்களின் வலிமையை அவை பாதிதான் பார்க்கின்றன என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது.

ஆனால் வேலையின் நீளத்தைப் பாருங்கள்.

முதலில் கருத்தெல்லை. உடல் தளர்ச்சியை மட்டும் அளக்கப்போகிறோமா, தனிமையும் மறதியும் உண்டா? இதைத் தீர்மானிக்காமல் கேள்வி எழுதத் தொடங்குவதால்தான் பல ஆய்வேடுகள் பாதியில் தத்தளிக்கின்றன. அடுத்து, முதியவர்களிடமே உட்கார்ந்து பேசுவது. கடலோரத்தில், ரப்பர் தோட்டத்தில், வடசேரி நெசவாளர் தெருவில், காணிக் குடியிருப்பில் "பலம் போச்சுன்னு எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டால் வரும் பதில்கள்தான் மூலப்பொருள். அதைச் சுருக்கிய பிறகு நிபுணர் குழு: ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு பொருத்தம் என்று நான்கு நிலையில் மதிப்பிடுவார்கள். ஆறோ அதற்கு மேலோ நிபுணர்கள் இருந்தால் ஒரு கேள்விக்குக் குறைந்தது 0.78 ஒப்புதல் வேண்டும் என்பது நடைமுறை. பிறகு கேள்வியைப் படித்துக்காட்டி, "நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க பாட்டா" என்று கேட்க வேண்டும். மாவட்டத்தின் கிழக்கிலும் மேற்கிலும் தனித்தனியாக.

அதற்கப்புறம் நம்பகத்தன்மை. ஒரே ஆளை இருவர் அளப்பது, ஒருவரே ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி அளப்பது. ஆள்கணக்கு, கேள்விக்குக் குறைந்தது ஐந்து முதல் பத்துப் பேர். இருபது கேள்வி என்றால் நூறிலிருந்து இருநூறு பேர். பிறகு ஃப்ரைடின் அளவோடு ஒப்பிடுவது. அதாவது கைப்பிடிமானியை எப்படியும் வாங்கத்தான் வேண்டும்.

இதுவரை செய்தாலும் கருவி பாதிதான் முடிந்திருக்கும். தளர்ச்சி என்று கருவி சொன்னவர்கள் அடுத்த வருடத்தில் கூடுதலாக விழுந்தார்களா, ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்களா என்று பின்தொடர்ந்து பார்த்தால்தான் அதற்கு மதிப்பு. இரண்டு வருட மேற்படிப்பில் இதற்கு இடமே இல்லை.

இரண்டு பள்ளங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, குரோன்பாக் ஆல்ஃபா 0.8 வந்துவிட்டது என்று அதோடு நிம்மதியாகிவிடுவது. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அது சொல்லும். சரியான பொருளை அளக்கிறோமா என்று சொல்லாது. எடை குறைவதும் நடை மெதுவாவதும் ஒரே ஆளிடம் சேர்ந்துதான் வர வேண்டும் என்றில்லை, இரண்டும் தளர்ச்சியின் அடையாளமே. மற்றொன்று, வசதிக்காக முதியோர் இல்லத்தில் மட்டும் ஆளெடுப்பது. அங்கே கண்ட எல்லை, சொந்த வீட்டில் வாழ்கிறவருக்குப் பொருந்தாது.

நடுவே ஒரு பாதை இருக்கிறது. பலருக்கும் நான் சொல்வது அதைத்தான். இருக்கும் கருவி ஒன்றை எடுத்து, இருவர் தனித்தனியாகத் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் திருப்பி மொழிபெயர்த்து, குழுவாக உட்கார்ந்து ஒப்பிட்டு, 30 முதல் 40 முதியவர்களிடம் முன்சோதனை செய்வது. பஸ் படியும் குருசடித் தூரமும் இந்தப் பாதையிலேயே உள்ளே வந்துவிடும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இதற்கும் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | ஆளுக்கு நேரம் | தேவையானது | மறைசெலவு | எங்கே சிறந்தது |
|---|---|---|---|---|
| ஃப்ரைடின் ஐந்து | 15-20 நிமிடம் | கைப்பிடிமானி, எடைக்கருவி, நடைபாதை | உழைப்பு வினாத்தாளையும் எல்லைகளையும் மாற்றுவது | ஆய்வு, சிறப்புப் பிரிவு |
| ஐந்து கேள்வி | 3 நிமிடம் | ஒன்றுமில்லை | "நல்லாத்தான் இருக்கேன்" | போன், பெரிய முகாமின் முதல் வடிகட்டல் |
| மருத்துவர் மதிப்பீடு | 1-3 நிமிடம் | அனுபவம், விவரம் சொல்ல ஆள் | அனுமதி, குடும்ப வழக்கத்தைப் பிரித்தறிதல் | வார்டு, அவசரப் பிரிவு |
| நின்று-நடந்து-எழுவது | 10 நிமிடம் | நாற்காலி, 6 மீட்டர் தரை, இருவர் | நாற்காலிப் போக்குவரத்து | வீடு, ஆரம்ப சுகாதார நிலையம், பயிற்சித் திட்டம் |
| குறை எண்ணிக்கை | தரவைப் பொறுத்தது | 30-க்கு மேல் தகவல் | பொருள் கலந்துவிடுவது | பெரிய தரவு ஆய்வு |
| புதிய கருவி | ஆண்டுக்கணக்கு | குழு, நிதி, பின்தொடர்தல் | அரைகுறையாக நிற்பது | ஆசிரியர் குழு, முனைவர் ஆய்வு |

## யாருக்கு எது?

கிராம சுகாதார செவிலியருக்கும் தன்னார்வலருக்கும்: முழுச் சோதனைக்கு நேரமில்லை என்றால் எழுவதை மட்டும் எடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 முதியோர் பராமரிப்புக் கையேடு ஐந்து முறை எழ 14 விநாடி என்று எல்லை வைக்கிறது. கூடவே இரண்டு கேள்வி: மூன்று மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, பசி குறைந்ததா? எதில் தவறினாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம்.

முகாம் நடத்துகிறவர்களுக்கு: ஐந்து கேள்வியில் ஒன்றாவது விழுந்தவர்களையும், எண்பதைத் தாண்டிய எல்லோரையும், பதில் என்னவானாலும், நாற்காலிக்கு அனுப்புங்கள். பிசியோதெரபிஸ்ட் வரச் சம்மதித்த பிறகே முகாம் தேதியை முடிவு செய்யுங்கள்.

மேற்படிப்பு மாணவருக்கு: தமிழாக்கமும் முன்சோதனையும் இருவர் அளக்கும் நம்பகத்தன்மையும் சேர்ந்தால் அதுவே நிறைவான ஆய்வேடு. அதைச் சுத்தமாகச் செய்துவிட்டால் உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அங்கிருந்து தொடங்கலாம்.

புதிய கருவி செய்ய வேண்டியவர்கள் கல்லூரி ஆசிரியர் குழுக்கள். ஒரு தொகுதி மாணவர்கள் நேர்காணல், அடுத்த தொகுதி நம்பகத்தன்மை, மூன்றாவது தொகுதி பின்தொடர்தல் என்று கைமாற்றிக் கொண்டுபோக அவர்களால் முடியும். அப்படி ஒரு குழு அமைந்தால், தரையிலிருந்து எழுவதை முதல் சோதனையாக வைக்கச் சொல்வேன்.

யார் எதை எடுத்தாலும், விநாடிக் கணக்கை அந்த முதியவரின் சொந்த நோட்டிலேயே தேதியோடு எழுதிக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே நாற்காலியில், அதே தரையில் மறுபடி பாருங்கள். மொத்தம் 12-இல் ஒரு மதிப்பெண் ஏறினாலோ, நடை விநாடிக்கு 0.1 மீட்டர் கூடினாலோ அது உண்மையான முன்னேற்றம் என்பது ஆய்வுகளில் ஏற்கப்பட்ட அளவு. நான்கு மீட்டரை 8 விநாடியில் கடந்தவரின் வேகம் 0.5. அடுத்த முறை அவர் ஆறரை விநாடியில் வந்துவிட்டால் 0.6-ஐத் தாண்டிவிட்டார். பயிற்சியைத் தொடரச் சொல்லுங்கள். எண் அசையவே இல்லையென்றால் சாப்பாட்டையும் மாத்திரைப் பட்டியலையும் மருத்துவரோடு உட்கார்ந்து திரும்பப் பார்க்க வேண்டும்.